மொலொக்காய்த் தீவின் தமியான் அடிகள்

கரையில் நின்று கயிறு வீசி வெள்ளத்தில் அகப்பட்டாரை மீட்பவர் நல்லவரே. ஆயினும், வெள்ளத்துட் குதித்து அவரோடு உடன் நீந்துபவர் அவரினும் பெரியர் அன்றோ? பதினாறு ஆண்டு அங்ஙனம் நீந்தி, அவ்வெள்ளத்திலேயே உயிர் நீத்த தமியான் அடிகளின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

அடிகள் பெல்ஜியம் நாட்டில், திரெமெலோ என்னும் சிற்றூரில், 1840ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் யோசேப்பு. தந்தையார் உழவும் தானிய வாணிகமும் செய்து வாழ்ந்தவர். மைந்தரது உள்ளமோ துறவையே நாடிற்று. தமையனார் முன்னரே சேர்ந்திருந்த இயேசு மரி திருஇருதயங்களின் சபையில் 1859ஆம் ஆண்டு லூவேன் நகரத்தே சேர்ந்து, பண்டைக்காலத்து மருத்துவரும் வேதசாட்சியுமாகிய தமியான் என்பாரின் பெயரைத் தமக்குப் பூண்டார்.

பசிபிக் மாகடலிலுள்ள ஹவாய்த் தீவுகளுக்கு மறைப்பணி புரியத் தமையனாரே தெரிந்தெடுக்கப்பட்டிருந்தார். அவர் சுரநோயாற் படுக்கையுறவே, இன்னும் குருப்பட்டம் பெறாத இளையவர், தமையனார்க்கு மாறாகத் தம்மை அனுப்புமாறு சபைத் தலைவருக்கு நேரே விண்ணப்பம் எழுதி இசைவு பெற்றனர். 1863ஆம் ஆண்டின் இறுதியிற் கப்பலேறி, நான்கு திங்களுக்கு மேற் கடலில் உழன்று, 1864ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் ஹொனலூலு துறைமுகம் அடைந்தார். அவ்வாண்டே மே மாதத்திற் குருப்பட்டம் பெற்று, ஹவாய்ப் பெருந்தீவின் மலைநாடுகளில் ஒன்பது ஆண்டு பணிபுரிந்தார். தச்சு வேலை பயின்று தம் கையாலேயே கோயில்கள் எழுப்பினார்.

அந்நாளில் ஹவாய் மக்களைத் தொழுநோய் கொடிதாகப் பற்றியது. நோய்க்கு மருந்து அறியாத அரசு, நோயுற்றாரைப் பிரித்து வைத்தலே வழியெனக் கொண்டு, 1865ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, மொலொக்காய்த் தீவின் வடபாற் கடலுள் நீண்டுள்ள நிலமுனையே நோயாளர்க்கு உறைவிடமாயிற்று. மூன்று புறம் அலைகடல். ஒரு புறம் 2,000 அடி அளவிற்குச் செங்குத்தாக உயர்ந்த மலை. 1866ஆம் ஆண்டு சனவரியில் முதற் குழுவினர் ஆங்கு இறக்கப்பட்டனர். கணவன் மனைவியரும், தாய் சேய்களும் இச்சட்டத்தாற் பிரிந்தனர். குற்றம் ஏதும் செய்யாதார் சிறைப்பட்ட துயரத்தை என்னென்பது! எனினும் அவர்கள் முற்றும் மனம் உடைந்தார் அல்லர். வந்த ஆண்டிலேயே நோயாளருள் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தோர் தாமே கூடிச் சிலோவாமா என்னும் திருச்சபையை நிறுவினர் என்பதை நாம் மறத்தலாகாது.

கத்தோலிக்க நோயாளரிடத்து முறைமுறையாகச் சென்று பணிபுரிய ஆயர் மேக்ரே குருமாரை வேண்ட, நால்வர் முன்வந்தனர். முதன்முறை தமியான் அடிகளுக்கு வாய்த்தது. 1873ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், தம் 33ஆம் வயதில், அவர் கலவாவோ என்னும் அவ்விடத்து இறங்கினார். குடியிருக்க வீடில்லை, கோயிலருகே நின்ற தாழை மரத்தடியே முதல் நாட்களிற் படுக்கையாயிற்று. சின்னாட்களில் ஆங்கேயே நிலைத்திருக்க இசைவு வேண்டினார். முறை மாறிச் செல்ல வேண்டிய ஏனை மூவர்க்கும் முறை வாராமலே போயிற்று.

அவர் ஆங்குச் செய்த பணிகள் பல. நீரோடையினின்று குழாய்வழி ஊருக்கு நீர் கொணர்ந்தார், வீடுகள் கட்டினார், புண்களைக் கழுவிக் கட்டினார், தாய் தந்தையற்ற சிறுவர் சிறுமியர்க்கு இல்லம் அமைத்தார், இறந்தார்க்குத் தாமே பெட்டி செய்து, தாமே குழி தோண்டி அடக்கினார். புண்களின் நாற்றம் தாங்கற்கரியதாக இருந்தமையாற் புகையிலைக் குழாயைத் துணைக்கொண்டார் என்பர். வெளியே செல்லத் தடையிருந்த காலத்து ஒருநாள், சபையின் மேலாளர் கப்பலில் வந்தார். கப்பலில் ஏற அடிகளுக்கு இசைவு கிடைத்திலது. ஆகவே, படகில் நின்றவாறே, பிறர் கேட்ப உரத்த குரலிற் பாவசங்கீர்த்தனம் செய்தார்.

இவையனைத்தினும் நம் உள்ளத்தைக் கவர்வது ஒரு சிறு சொல்லே. சென்ற முதலாண்டிலேயே தமையனார்க்கு எழுதிய கடிதமொன்றில், தாம் பிரசங்கம் செய்யுங்கால் மக்களைச் சகோதரரே என்று விளியாமல், தொழுநோயாளராகிய நாம் என்றே கூறி வருவதாக அடிகள் குறித்திருந்தார். அப்பொழுது அவர் உடலில் நோய் இல்லை. கேட்பாரையும் தன்னோடு சேர்த்துக் கூறும் பன்மையை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று நாம் இலக்கண வகுப்பிற் கற்கின்றோம். நாங்கள் என்பது கேட்பாரை விலக்கும். நாம் என்பது அவரைத் தழுவும். அடிகள் பேசிய ஹவாய் மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. சட்டம் விலக்கிய மக்களை ஒரு சொல்லால் தழுவிய அவர், அச்சொல்லுக்குத் தம் உடலையே விலையாகக் கொடுத்தார்.

1884ஆம் ஆண்டு திசம்பர் மாதம் ஒருநாள் அவர் காலிற் கொதிநீர் பட்டது. தோல் கொப்புளித்தது, நோவு தோன்றவில்லை. தமக்கும் நோய் வந்துற்றது என்பதை அவர் உணர்ந்தார். ஆயினும் பணியை விட்டாரல்லர். இறுதி ஆண்டுகளில், அமெரிக்காவினின்று வந்த யோசேப்பு தட்டன் என்பாரும், மரியன்னை கோப் தலைமையில் வந்த கன்னியரும் துணைநின்றனர். 1889ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள், தம் 49ஆம் வயதில் அடிகள் உயிர் துறந்தார். முதல் நாட்களில் உறங்கிய தாழை மரத்தடியிலேயே அவர் உடல் அடக்கம் பெற்றது.

அடிகளிடத்துக் குறைகள் இல்லாமலில்லை. சினமும் பிடிவாதமும் உடையவர். நோயாளர்க்கு வேண்டுவன கேட்டு மேலாளரோடும் சுகாதார அதிகாரிகளோடும் ஓயாது வாதிட்டவர். அவர் மறைந்தபின் ஹொனலூலு நகரத்துச் சீர்திருத்தச் சபைப் போதகராகிய ஹைடு என்பார், அவர்தம் ஒழுக்கத்தையே பழித்துக் கடிதம் எழுதினார். அது அச்சில் வெளிவந்தது. அதனை மறுத்து 1890ஆம் ஆண்டு வெளிப்படையான மடல் வரைந்தவரோ, சீர்திருத்தச் சபைக் குடும்பத்திற் பிறந்த ஆங்கில நூலாசிரியர் இராபர்ட் லூயி ஸ்டீவன்சன். அவர் மொலொக்காய்க்கு நேரிற் சென்று, அடிகளின் குறைகளையும் கேட்டறிந்து, அவற்றை மறையாமலே அவர் பெருமையை நிலைநாட்டினார். உண்மைத் தொண்டின்முன் சபைவேற்றுமை நில்லாது என்பதற்கு இது சான்றாகும்.

அடிகள் கலவாவோ சென்ற 1873ஆம் ஆண்டிலேயே, நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். 1940ஆம் ஆண்டுகளில் நன்மருந்து கிடைத்தது. 1969ஆம் ஆண்டு ஹவாயிற் பிரித்து வைக்கும் சட்டம் ஒழிந்தது. அதற்குள் ஏறத்தாழ 8,000 பேர் அந்நிலமுனைக்கு அனுப்பப்பட்டிருந்தனர். அடிகளின் உடல் 1936ஆம் ஆண்டு லூவேன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1995ஆம் ஆண்டு முத்திப்பேறு பெற்றவர் என அறிவிக்கப்பட்டபின், அவர்தம் வலக்கை எலும்புகள் மட்டும் கலவாவோவுக்கு மீண்டன. பெட்டி செய்து குழி தோண்டிய கை, தன் மக்களிடமே மீண்டது பொருத்தமேயாம். 2009ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் அவரை அர்ச்சியசிஷ்டர் வரிசையிற் சேர்த்தார்.

இன்று தொழுநோய் மருந்தால் முற்றும் தீர்வது. ஆயினும், நோய் தீர்ந்தாரையும் தீண்ட அஞ்சும் உள்ளநோய் இன்னும் தீர்ந்தபாடில்லை. கல்லூரியிற் பயிலும் நாம், நாங்கள் என்று நாளும் எத்தனை பேரை விலக்கி வைக்கின்றோம்! குலத்தாலும் செல்வத்தாலும் கல்வியாலும் நாம் இட்டுள்ள எல்லைகளை ஒருமுறை நோக்குவோமாக. இலக்கண வகுப்பிற் கற்ற அவ்வுளப்பாட்டுப் பன்மையை வாழ்க்கையிலும் கையாளுவோமாயின், அதுவே அடிகளுக்கு நாம் செய்யும் மெய்யான வழிபாடாகும்.