திருக்கச்சி நம்பிகள்

பீடத்தில் வீற்றிருந்தாரைப் போற்றுதல் உலக வழக்கம். தாம் ஏறாது, அதற்கு உரியாரை அங்குச் சேர்ப்பித்தாரை நினைப்பார் சிலரே. அத்தகையார் ஒருவர் நமது பூவிருந்தவல்லியில் தோன்றினார். அவரே திருக்கச்சி நம்பிகள்.

வழிவழி வந்த கணக்கின்படி கி.பி. 1009 ஆம் ஆண்டு, மாசித் திங்கள் மிருகசீரிட நாளில், வைசிய குலத்தில் அவர் பிறந்தார். இவ்வூரில் நந்தவனம் அமைத்து, அதன் மலர்களைக் காஞ்சிப் பேரருளாளனுக்குச் சாத்தி வந்தார் என்பர். பின்னர்க் காஞ்சியிலேயே தங்கி, ஆலவட்டம் வீசுந் திருத்தொண்டு பூண்டார். பெருமாள் அவரோடு நேரிற் பேசுவார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும்.

அக்காலத்தில் திருவரங்கத்தில் வைணவத் தலைமை பூண்டிருந்தவர் நம்பிகளின் ஆசிரியராகிய ஆளவந்தார். அத்தலைமை தந்தைவழிச் சொத்தன்று. ஆளவந்தார் நாதமுனிகளின் பேரரே ஆயினும், உய்யக்கொண்டார், மணக்கால் நம்பி என்னும் ஆசிரியர் இருவர் வழியாகவே அஃது அவரை அடைந்தது. தமக்குப் பின் யார் என்னும் கவலை முதுமையில் அவரை வருத்திற்று. காஞ்சியில் இளைஞராகிய இராமாநுசரைக் கண்டு, இவரே தக்கார் என உட்கொண்டார். அவர் அப்பொழுது யாதவப்பிரகாசரின் மாணாக்கராய் இருந்தமையின், ஒன்றும் பேசாது மீண்டார்.

பின்னர் யாதவரை விட்டு நீங்கிய இராமாநுசருக்குப் புகலானவர் நம்பிகள். பெருமாளுக்குச் சாலைக் கிணற்று நீர் சுமக்குந் தொண்டில் அவரை நிறுத்தினார். ஆளவந்தார் பெரிய நம்பியை விடுத்து அழைத்தபோது இராமாநுசர் விரைந்து சென்றார். ஆயினும் அங்கே கண்டது உயிர் நீங்கிய திருமேனியையே. துயருடன் காஞ்சிக்கு மீண்டவர், நம்பிகளையே ஆசிரியராக வேண்டினார்.

நம்பிகள் இசைந்திலர், தம் பிறப்பைக் காட்டி மறுத்தார். அவர் உண்ட மிச்சிலையேனும் உண்போம் என்று இராமாநுசர் விருந்துக்கு அழைத்தார். இவர் ஒரு தெருவால் எதிர்கொள்ளச் செல்ல, நம்பிகள் வேறொரு தெருவால் வந்து உண்டு சென்றார். இராமாநுசரின் மனைவியார் தஞ்சமாம்பாள் அவ்விடத்தை மெழுகி, எஞ்சிய உணவைப் பிறர்க்கு ஈந்து, நீராடி நின்றார். இராமாநுசர் மனம் நொந்தார். குலத்தால் மனிதரை அளந்த கொடுமை இது. நம்பிகளோ இதன்பொருட்டு ஒதுங்கினாரிலர். இராமாநுசரின் ஐயங்களைப் பெருமாளிடம் விண்ணப்பித்து, ஆறு வார்த்தைகளை விடையாகப் பெற்றுத் தந்தார். அவற்றுள் ஒன்று, பெரிய நம்பியை ஆசிரியராக அடைக என்பது.

அவ்வாறே மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் கோயிலில், மகிழ மரத்தடியில், பெரிய நம்பி அவரை மாணாக்கராக ஏற்றார். ஆண்டில் மூத்தவராகிய பெரிய நம்பியும் தலைமையைத் தமக்கென நாடினாரிலர். பின்னர் இராமாநுசர் துறவு பூண்டு திருவரங்கஞ் சென்று, ஆளவந்தாரின் பீடத்தை அணிசெய்தார். நம்பிகள் ஆலவட்டத்துடன் காஞ்சியிலேயே நின்றார்.

தலைவர் பதவியாயினும் ஆசிரியர் பதவியாயினும், விடுகின்றவர் மகனையும் மருகனையும் தேடாது தக்காரைத் தேடுக. நமக்கே வரும் என்று காத்திருப்போர், தம்மினும் தக்கார் உளராயின் வழிவிடுக. பூவிருந்தவல்லி வரதராசப் பெருமாள் கோயிலில் நம்பிகளின் சந்நிதியை வணங்கும் நம்மவர் இதனை மனத்திற் கொள்வாராக.