நாடாவுக்குள் கோடி ஊசிகள்: மார்வின் கேம்ரஸ்



கண்டுபிடிப்பாளர் என்றதும் எடிசன், மார்க்கோனி என்று நாலைந்து பெயர்தான் நமக்கு ஞாபகம் வரும். நான் சொல்லப் போவது மார்வின் கேம்ரஸ் என்பவரைப் பற்றி. நம்ம வீட்டுப் பெரியவர்கள் பாட்டுக் கேட்ட கேசட்டுக்குள் பழுப்பு நிற நாடா ஓடுமே, அதற்கும் இவருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

கேம்ரஸ் பிறந்தது 1916 ஜனவரி 1, அமெரிக்காவின் சிகாகோ நகரில். அங்கே ஆர்மர் தொழில்நுட்பக் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் படித்த காலத்தில், பாடகராக ஆசைப்பட்ட உறவினர் ஒருவருக்காக ஒலிப்பதிவுக் கருவி செய்தார். எஃகுக் கம்பியில் ஒலியைப் பதியும் முறையை டென்மார்க்கின் பால்சன் 1898-லேயே கண்டுபிடித்திருந்தார். ஆனால் கம்பி முறுக்கிக் கொண்டால் சத்தம் கெட்டுவிடும். கேம்ரஸ், கம்பியைச் சுற்றிலும் சமமாகப் பதிகிற ஹெட் ஒன்றை அமைத்து அந்தக் குறையைத் தீர்த்தார். கவனியுங்கள், அப்போது அவரும் நம்மைப் போல ஒரு மாணவர்தான்! 1940-இல் பட்டம் பெற்றதும் ஆர்மர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் இவருடைய கம்பிக் கருவிகளைப் பயன்படுத்தின.

கம்பியோடு அவர் நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஜெர்மானியர்கள் இரும்பு ஆக்சைடு பூசிய நாடாவைக் கொண்டுவந்திருந்தார்கள். நாடாவுக்கு நல்ல பூச்சு வேண்டும். இங்கேதான் எலெக்ட்ரிக்கல்காரரான கேம்ரஸ் கெமிஸ்ட்ரிக்குள் இறங்கினார்.

விஷயம் இதுதான். நாடாவுக்கு வேண்டியது காமா பெரிக் ஆக்சைடு. அதன் படிகம் கனசதுர வகை. தன்போக்கில் விட்டால் நீளமாக வளராது. ஆனால் துகள் ஊசிபோல நீளமாக இருந்தால்தான் காந்தம் அதன் நீளவாக்கிலேயே பிடித்து நிற்கும், சுலபத்தில் அழியாது. அப்படியானால் ஊசியை எங்கிருந்து கொண்டுவருவது?

இரும்பின் மஞ்சள் நிற நீரேற்ற ஆக்சைடு, அதாவது கீத்தைட், இயல்பாகவே ஊசியாக வளரும். பெரஸ் சல்பேட் கரைசலில் காஸ்டிக் சோடா சேர்த்துக் காற்றைச் செலுத்தினால் அது உண்டாகும். லேபில் பச்சையாக விழும் வீழ்படிவு காற்றுப்பட்டுப் பழுப்பாவதை நானும் பார்த்திருக்கிறேன். சால்ட் அனாலிசிஸ் செய்த எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெப்பநிலை, காரத்தின் அளவு, காற்றின் வேகம் இவற்றைப் பொறுத்து ஊசியின் நீளமும் பருமனும் மாறும்.

அந்த மஞ்சள் ஊசியைச் சூடாக்கினால் நீர் போய்ச் சிவப்பாகும். ஹைட்ரஜனில் ஒடுக்கினால் கறுப்பு மாக்னடைட். மிதமான சூட்டில் மறுபடி காற்றுப்பட்டால் பழுப்பு காமா ஆக்சைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்பு, பழுப்பு என மூன்று முறை நிறம் மாறியும் ஊசி உருவம் மாறுவதில்லை! சூடு எல்லை மீறினால் மட்டும் ஊசிகள் ஒன்றோடொன்று ஒட்டி உருக்குலைந்துவிடும். அப்புறம் அது நல்ல நாடாவுக்கு உதவாது.

ஊசித் துகள் நாடாவுக்காக 1947-இல் கேம்ரஸ் விண்ணப்பித்த காப்புரிமை 1954-இல் கிடைத்தது. ஊசி ஒவ்வொன்றின் நீளமும் ஒரு மைக்ரானுக்குள்தான். பூச்சு ஈரமாக இருக்கும்போதே காந்தப் புலத்தால் அவற்றை நாடாவின் நீளவாக்கில் அடுக்குவார்கள். 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த கேசட்டிலும் ஓடியது இந்த ஊசி ஆக்சைடு நாடாதான்.

500-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்ற கேம்ரஸுக்கு 1990-இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. 1995-இல் காலமானார்.

இவர் வாழ்க்கையில் நான் கற்றது ஒன்று. ஒரே பார்முலா, ஒரே இரும்பு, ஒரே ஆக்சிஜன். ஆனால் உருவம் மாறினால் குணம் மாறுகிறது. அதைக் கண்டு பயன்படுத்தியவர் கெமிக்கல் படித்தவர் அல்ல, எலெக்ட்ரிக்கல்காரர். பிராஜெக்ட் என்று வந்தால் அது எங்க பிராஞ்ச் இல்லப்பா என்று நாம் ஒதுங்குகிறோமே, அவரும் அப்படி ஒதுங்கியிருந்தால்? இந்த ஆண்டு பிராஜெக்ட்டுக்கு முன்னால் பக்கத்து பிராஞ்ச் லேபின் கதவையும் ஒருமுறை தட்டிப் பார்ப்போம், நண்பர்களே!