ஆசிரியர்க்குச் செய்த கைம்மாறு

தமிழ்த் தாத்தா எனப் போற்றப்பெறும் உ. வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் வறுமையிலும் மகனது தமிழார்வத்தைத் தடுத்தாரல்லர். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவரை ஒப்புவித்தார். பிள்ளையவர்கள் பொருளை விரும்பாது அன்புடன் கற்பித்தார். 1876இல் அப்பெருமான் உயிர் நீங்கிய வேளையில், அருகிருந்து திருவாசகம் ஓதியவர் சாமிநாதையரே.

பிள்ளையவர்களின் மற்றொரு மாணாக்கர் தியாகராச செட்டியார். அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கியவர். 1880இல் ஓய்வு பெற்றபோது, தாம் வகித்த பதவி சாமிநாதையர்க்கே கிடைக்குமாறு செய்தார். அதனால் ஐயரின் வறுமை நீங்கியது. பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பிக்கும் பெரும்பணிக்கும் வழி பிறந்தது.

இவ்விருவர் செய்த உதவியையும் ஐயர் மறந்தாரல்லர். சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் ‘தியாகராச விலாசம்’ எனப் பெயரிட்டார். எண்பதை எட்டும் முதுமையிலும் அயராது உழைத்து, தம் ஆசிரியரின் வரலாற்றை எழுதி, 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். பிள்ளையவர்களின் வாழ்க்கையை நாம் விரிவாக அறிவது அந்நூலினாலேயே ஆகும்.

மாணவர்களே! கல்வி முடிந்து விடைபெறும் நாளில் ஆசிரியரை வணங்குதல் எளிது. அவரால் பெற்ற கல்வியை உலகிற்குப் பயன்படுத்தி, அவர் பெயரை நிலைநிறுத்துதலே உண்மையான நன்றியாகும்.