தாமிர பேட் போட்ட மனிதர்

மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பேட்ச்லயும் ஒரு டீமாவது ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு "டிஸ்க் பிரேக் ரோட்டாரின் தெர்மல் அனாலிசிஸ்" எடுக்கும். இந்த வருஷம் அந்த டீம் நாங்கதான். டிராக் டே போகிற ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு கம்பெனி ரோட்டாரை எடுத்துட்டு பெரிய ரோட்டார் போட்டா வெப்பம் எவ்வளவு குறையும், இதுதான் எங்க தலைப்பு. முதல் ரிவ்யூல கைடு ஒரு கேள்வி கேட்டார்: டிஸ்க் பிரேக்கை முதல்ல யோசிச்சது யாரு? நாலு பேரும் தரையைப் பார்த்தோம். அப்புறம் தேடிப் படிச்சப்போ கிடைச்ச பெயர் ஃப்ரெடரிக் லான்செஸ்டர். ப்ராஜெக்டை விட அவர் வாழ்க்கை சுவாரசியமா இருந்ததால இந்தக் கட்டுரை.

1868 அக்டோபர் 23 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா ஒரு கட்டடக் கலைஞர். சவுத்தாம்ப்டனில் ஹார்ட்லி கல்லூரியில் படித்தார், பிறகு லண்டன் சவுத் கென்சிங்டனில் அறிவியல் படித்தார். அங்கே பொறியியல் சரியா சொல்லித் தரலன்னு ஃபின்ஸ்பரி டெக்னிக்கல் காலேஜில் மாலை வகுப்புக்கும் போனார். கடைசியில் டிகிரி வாங்காமலேயே வெளியே வந்துவிட்டார். (அம்மா, அப்பா இதைப் படித்தால்: நான் வாங்கிடுவேன், கவலை வேண்டாம்.)

பர்மிங்ஹாமில் கேஸ் எஞ்சின் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வேலையில் இருக்கும்போது அவர் கண்டுபிடிக்கும் முன்னேற்றம் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அப்போ அவருக்கு இருபது, இருபத்தொன்று வயசு. நம்ம வயசு! ஆஃபர் லெட்டர் வந்ததும் படிக்காமலே கையெழுத்துப் போட்ட எனக்கு இந்த இடம் கொஞ்சம் குத்தியது. அவருக்கு அது பலன் தந்தது. எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் ஒன்றை வடிவமைத்துப் பேட்டன்ட் எடுத்தார், விற்கும் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ராயல்டி வந்தது.

1895ல் சொந்தமாக ஒரு கார் கட்டினார், அடுத்த வருஷம் அது சாலையில் ஓடியது. அந்த ஊர்ல அப்போ இருந்த சட்டத்தைக் கேட்டா சிரிப்பு வரும். மோட்டார் வண்டி மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது, முன்னால் ஒருத்தர் நடந்து போகணும். அந்த வேகத்துக்கு பிரேக்கே தேவையில்ல, கால் ஊன்றினால் போதும். 1896 நவம்பரில் சட்டம் மாறி 14 மைல் ஆனது. 1903ல் 20 மைல். வேகம் ஏற ஏற நிறுத்துவது பிரச்சினையானது.

1899 கடைசியில் லான்செஸ்டர் எஞ்சின் கம்பெனி தொடங்கியது. மற்றவர்கள் குதிரை வண்டியில் எஞ்சின் மாட்டிக்கொண்டிருந்தபோது இவர் காரை முதலிலிருந்து காராகவே யோசித்தார். எதிரெதிர் திசையில் சுற்றும் இரண்டு கிராங்க் ஷாஃப்ட் வைத்து அதிர்வைச் சமன் செய்தார். எபிசைக்ளிக் கியர் போட்டார். எந்தக் காரின் பாகமும் எந்தக் காருக்கும் பொருந்த வேண்டும் என்று கேஜ் வைத்து அளந்து செய்ய வைத்தார். வெளியே பாடி கட்டுகிறவர்கள் அந்த அளவுக்குக் கட்டுப்படவில்லை, உடனே பாடியையும் தானே செய்ய ஆரம்பித்துவிட்டார். இவரோடு ஒரே டீம்ல இருப்பது கஷ்டம்னு நினைக்கிறேன்.

1902ல் வந்ததுதான் நம்ம விஷயம். சக்கரத்தோடு சுற்றும் மெல்லிய உலோகத் தட்டு. அதை இரண்டு பக்கமும் இடுக்கி மாதிரி பிடிக்கும் பேட். பேட்டன்டும் எடுத்தார். இன்னைக்கு ஹாஸ்டல் பார்க்கிங்ல நிற்கிற பல்சரின் முன் சக்கரத்தில் இருப்பதும் அடிப்படையில் அதேதான்.

ஆனா பேட் எதில் செய்வது? உராய்வுக்கு நல்ல பொருள் அப்போ கையில் இல்லை. அவர் தாமிரத்தைப் போட்டார். உலோகம் மேல் உலோகம். பிரேக் பிடித்தால் காது கிழியும் சத்தம். அந்தக் காலத்துச் சாலைகள் மண்ணும் சரளையும். தட்டு திறந்து கிடந்ததால் புழுதி உள்ளே புகுந்து மென்மையான தாமிரத்தைச் சீக்கிரமே தேய்த்தது. மூடிய டிரம் பிரேக்குக்கு அந்தத் தொல்லை குறைவு. எல்லாரும் டிரம் பக்கம் போனார்கள். சில வருஷம் கழித்து ஹெர்பர்ட் ஃப்ரூட் என்ற இன்னொரு ஆங்கிலேயர் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங் கொண்டு வந்து சத்தம், தேய்மானம் இரண்டையும் குறைத்தார். (ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பது வேறு சோகக் கதை.) அதற்குள் டிஸ்க்கை எல்லாரும் மறந்திருந்தார்கள்.

நான் ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1000 கிலோ வண்டியை 14 மைல் வேகத்திலிருந்து நிறுத்த சுமார் 20 கிலோஜூல் வெப்பமாக மாறணும். எங்க ப்ராஜெக்ட் கார் 1200 கிலோ. அது 180 கிமீ வேகத்திலிருந்து நின்றால் 1500 கிலோஜூல். நாலு ரோட்டாரும் சேர்ந்து 30 கிலோ வார்ப்பிரும்பு என்றால், ஒரே ஒரு பிரேக்கிங்கில் 100 டிகிரிக்கு மேல் ஏறும். டிராக்கில் அடுத்த வளைவு சில வினாடியில் வந்துவிடும், ஆற நேரமே கிடையாது. அதனாலதான் விட்டம் அதிகமான, நடுவில் காற்று போக வழியுள்ள தடித்த ரோட்டார் மாற்றுகிறார்கள். அழகுக்காகத் துளை போட்ட ரோட்டார் வாங்குகிறவர்கள் உண்டு, வெப்பத்தில் அந்தத் துளையிலிருந்துதான் விரிசல் தொடங்கும். அதாவது லான்செஸ்டரின் டிஸ்க் எந்த வேகத்துக்குப் பொருத்தமோ, அந்த வேகம் அவர் கார்களுக்கு வரவே இல்லை. பதில் முதலில் வந்துவிட்டது, கேள்வி ஐம்பது வருஷம் கழித்து வந்தது.

கம்பெனிக்கு ஆர்டர் இருந்தது, கையில் முதல் இல்லை. 1904ல் கடன்காரர்கள் கைக்குப் போனது. வேறு பெயரில் மீண்டும் தொடங்கியபோது அவர் பிடி தளர்ந்துவிட்டது. கொஞ்ச வருஷத்தில் தம்பி ஜார்ஜ் டிசைன் வேலையை எடுத்துக்கொண்டார், இவர் டெய்ம்லர் கம்பெனிக்கு ஆலோசகரானார். கிராங்க் ஷாஃப்ட் அதிர்வை அடக்கும் டாம்பர், நாலு சிலிண்டர் எஞ்சினுக்கான பாலன்சர் எல்லாம் பிறகு செய்தவை. பாலன்சர் ஷாஃப்டுக்கு இன்னைக்கும் புத்தகத்தில் அவர் பெயர்தான்.

விமானத்தைச் சொல்லாமல் விட்டால் ஏரோ பசங்க சண்டைக்கு வருவாங்க. 1892ல் அமெரிக்காவுக்குக் கப்பலில் போனபோது கடற்பறவைகள் சிறகை அசைக்காமல் மிதப்பதைக் கவனித்தார். அதிலிருந்து இறக்கை ஏன் தூக்குகிறது என்று ஒரு கோட்பாடு எழுதினார். 1897ல் அந்தக் கட்டுரை நிராகரிக்கப்பட்டது. ரைட் சகோதரர்கள் பறக்க இன்னும் ஆறு வருஷம் இருந்தது! பிறகு ஜெர்மனியில் பிராண்ட்டில் கணிதமாக வளர்த்த கோட்பாட்டுக்கும் அடிப்படை இதே எண்ணம்தான். 1914ல் போரில் படையின் பலம் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று சமன்பாடு எழுதினார், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடத்தில் அது இருக்கிறது. 1922ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

பெயர் வந்தது, பணம் வரவில்லை. பிரிட்டனில் அப்போ பேட்டன்ட் ஆயுள் 14 வருஷம்தான். 1902ல் எடுத்தது 1916க்கு மேல் நிற்காது. ஒலிபெருக்கி செய்யும் தொழில் தொடங்கினார், அதுவும் ஓடவில்லை. 1931ல் லான்செஸ்டர் கார் கம்பெனியை டெய்ம்லர் வைத்திருந்த குழுமமே வாங்கிவிட்டது. அவருக்குப் பார்கின்சன் நோய் வந்து கை நடுங்கியது, பார்வையும் போனது. டிராயிங் போட்டே வாழ்ந்தவருக்கு இந்த இரண்டும் சேர்ந்து வந்ததை என்ன சொல்ல? மோட்டார் துறையினர் செய்த உதவியால்தான் கடைசிக் காலத்தில் வீட்டை விடாமல் இருக்க முடிந்தது. 1946 மார்ச் 8 அன்று பர்மிங்ஹாமில் இறந்தார். வயது 77.

ஏழு வருஷம் கழித்து, 1953 ஜூனில் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம். விமானச் சக்கரங்களுக்காக டன்லப் வளர்த்த டிஸ்க் பிரேக்கை ஜாகுவார் சி-டைப் காரில் மாட்டியிருந்தார்கள். டிரம் போட்ட கார்கள் நீண்ட நேர்சாலையின் முடிவில் முன்கூட்டியே பிரேக் பிடித்தன. ஜாகுவார் இன்னும் தூரம் போய்ப் பிடித்தது, அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் பிடிக்க முடிந்தது. டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஜோடி ஜெயித்தது. அந்தப் பந்தயத்தில் சராசரி வேகம் முதன்முறையாக மணிக்கு 100 மைலைத் தாண்டியது. 1955ல் சிட்ரோயன் டிஎஸ் காரின் முன் சக்கரத்தில் டிஸ்க் வந்தது, பிறகு எல்லாக் கம்பெனியும் பின்னால் வந்தன.

இரண்டாவது ரிவ்யூ வியாழக்கிழமை. முதல் ஸ்லைடில் அவர் படம் வைத்திருக்கிறோம். மெஷ் இன்னும் கன்வர்ஜ் ஆகவில்லை.