படிவத்தின் முன் நின்ற மர்ஹூம் அப்துல் அஸீஸ்

தொகைமதிப்புப் படிவத்தின் துருவும் கேள்விகளைக் காணும்போதெல்லாம், ஹட்டனில் ஆசிரியராக இருக்கும் எனக்குத் தொழிற்சங்கத் தலைவர் மர்ஹூம் அப்துல் அஸீஸ் நினைவுக்கு வருகிறார். அவர் எதிர்கொண்டது பிரஜாவுரிமைப் படிவம். 1949ஆம் ஆண்டுச் சட்டம், மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் தொடர்ந்து இங்கு வசித்ததற்கு ஆதாரம் கேட்டது. பிறப்பே பதியப்படாத லயத்து மக்கள் எந்தத் தாளைக் காட்டுவார்கள்? விண்ணப்பித்த 8 இலட்சத்துக்கும் அதிகமானோரில் சுமார் 134,000 பேரே பிரஜைகளாயினர்.

கொழுந்துக் கூடை சுமந்திராத அஸீஸ், அம்மக்களுக்காக 1952 சத்தியாக்கிரகத்தில் முன்னின்றார். பின்னர் தொண்டமானைப் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார்; 1970இல் நியமன எம்.பி.யானார், 1990இல் காலமானார்.

எங்கள் பதிலை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று அரசிடம் கேட்பது அடங்காமையல்ல, உரிமை. என் மாணவருக்கு அவரது வாழ்க்கையை இதற்காகவே சொல்கிறேன்.