மேகநாத் சாஹா: தனியே சாப்பிட வைக்கப்பட்ட மாணவரின் சூரியக் கணக்கு

திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் இரும்புப் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களுக்குப் பிளாஸ்மா கட்டிங் புதிய சொல் அல்ல. காற்றையோ வேறு வாயுவையோ மின்சாரத்தால் பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேற்றிப் பீய்ச்சி, கனமான தகட்டை வெட்டுகிறார்கள். அவ்வளவு சூட்டில் வாயுவின் அணுக்கள் தம்மிடமுள்ள எலெக்ட்ரான்களை இழந்துவிடும். அப்படி உடைந்த வாயுதான் பிளாஸ்மா. எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில், எவ்வளவு அணுக்கள் இப்படி உடையும் என்று சொல்லும் கணக்குக்கு சாஹா சமன்பாடு என்று பெயர். இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகள் இதைப் பாடத்தில் பார்த்திருப்பார்கள். அந்த சாஹா எந்தச் சாதியில் பிறந்தார், எப்படிப் படித்தார் என்பது பாடத்தில் இருக்காது.

மேகநாத் சாஹா 1893 அக்டோபர் 6 அன்று டாக்கா அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது. அப்பா ஜகந்நாத் சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. சாராயத் தொழில் செய்த சுண்டி சாதியோடு சேர்த்து எண்ணப்பட்ட பிரிவு அவர்களுடையது. மேல்சாதியார் அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். மேற்கு வங்கத்தின் பட்டியல் சாதிகள் அட்டவணையில் சுண்டி உண்டு, சாஹா பிரிவு இல்லை. ஆகவே அவரைப் பட்டியல் சாதிக்காரர் என்று எழுதுவது சரியல்ல. ஆனால் தட்டைத் தனியே வைத்துச் சாப்பிடுவது என்னவென்று அறிந்தவர் அவர்.

ஊர்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக் கடையில் உட்கார வைக்கவே அப்பா நினைத்தார். அடுத்த பள்ளி இருந்தது பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே ஒரு மருத்துவர் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட முன்வந்தார். பையன் தன் பாத்திரத்தைத் தானே கழுவ வேண்டும், வீட்டு மாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சணல் கம்பெனியில் வேலை பார்த்த அண்ணன் தன் சொற்பச் சம்பளத்திலிருந்து மாதம் 5 ரூபாய் அனுப்பினார். மாவட்ட அளவில் முதலிடம் பெற்று உதவித்தொகையுடன் 1905இல் டாக்கா அரசுப் பள்ளியில் சேர்ந்தார் சாஹா.

அது வங்கப் பிரிவினை நடந்த ஆண்டு. கவர்னர் வருகையை எதிர்த்து மாணவர்கள் போராடினார்கள். செருப்பில்லாமல் வந்ததையே எதிர்ப்பாக எண்ணி அவரையும் வெளியேற்றினார்கள் என்கிறார்கள். பள்ளியோடு உதவித்தொகையும் போயிற்று. தனியார் பள்ளி ஒன்று கைகொடுத்ததால் படிப்பு தொடர்ந்தது. 1909இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்கத்திலேயே முதலிடம் பெற்றார்.

1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு வந்தார். ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் போன்றோர் ஆசிரியர்கள். சத்யேந்திரநாத் போஸ் வகுப்புத் தோழர். இத்தனை பெரியவர்கள் இருந்த இடத்தில்தான், ஈடன் இந்து விடுதியின் உணவுக்கூடத்தில் மேல்சாதி மாணவர்கள் சிலர் அவரோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். சரஸ்வதி பூஜையின்போது அவர் மேடைப் பக்கம் வந்ததற்கும் எதிர்ப்புக் கிளம்பியது. கல்விக் கடவுளின் பூஜையில் இடமில்லாத அந்த மாணவர் விடுதியை விட்டு வெளியேறி, வாடகை அறையில் தங்கிப் படித்தார். 1915 எம்.எஸ்சி. தேர்வில் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம்.

பிறந்தபோது வீட்டார் வைத்த பெயர் மேகநாத். மேகத்துக்குத் தலைவன், அதாவது இந்திரன் என்று பொருள். அதை அவரே வங்காளியில் மேகநாத என்ற ராவணன் மகனின் பெயராக, அதாவது இந்திரனை வென்ற இந்திரஜித்தின் பெயராக, எழுத்தை மாற்றிக்கொண்டார் என்று சொல்வார்கள். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் நமக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவதில்லை.

அரசு நிதித்துறைத் தேர்வு எழுத அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. போராட்டக்காரர்களோடு பழக்கம் இருந்ததே காரணம். சைக்கிளில் போய் டியூஷன் எடுத்துப் பிழைத்தார். பிறகு அசுதோஷ் முகர்ஜி அவரையும் போஸையும் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளர்களாகச் சேர்த்துக்கொண்டார். ஆய்வுக்கூடம் என்று சொல்லக்கூடிய வசதி அங்கே கிடையாது. கட்டுரை ஒன்றை அமெரிக்க இதழுக்கு அனுப்பினார். அச்சுச் செலவில் ஒரு பங்கைக் கேட்டார்கள். கொடுக்கப் பணமில்லாததால் அது அங்கே வெளிவரவில்லை.

1920இல் வந்த கட்டுரைதான் அவரை உலகம் அறியச் செய்தது. சூரியனைச் சுற்றியுள்ள மெல்லிய வாயு மண்டலத்தில் கால்சியம் மிக உயரத்தில் எலெக்ட்ரான் இழந்த நிலையில் தெரிகிறது, கீழே சாதாரண நிலையிலும் தெரிகிறது. ஏன் இப்படி என்பது அன்றைய புதிர். கொடைக்கானலில் அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும் அல்லவா? அதுபோலச் சூடு மட்டும் போதாது, அழுத்தம் குறைந்தாலும் அணுக்கள் எளிதில் எலெக்ட்ரானை விடும் என்று சாஹா கணக்குப் போட்டுக் காட்டினார். ருபிடியம் சூரியனில் தெரியாததற்குக் காரணம் அதன் அணுக்கள் உடைந்துபோவதுதான், சூடு குறைந்த கரும்புள்ளிகளில் தேடினால் தெரியும் என்றார். அமெரிக்காவில் ரஸ்ஸல் தேடினார், கிடைத்தது. இதே சமன்பாட்டைக் கொண்டுதான் செசிலியா பெய்ன் 1925இல், விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்ற முடிவுக்கு வந்தார். பிளாஸ்மா என்ற பெயரை லாங்மூர் வைத்தது அதற்கும் பின்னால், 1928இல்.

விண்மீனுக்குப் போட்ட கணக்கு தொழிற்சாலைக்கும் பொருந்தியது. தண்ணீரில் ஈயம், ஆர்சனிக் எவ்வளவு என்று பார்க்கும் சோதனைக் கருவிகளில் ஆர்கான் பிளாஸ்மா எரிகிறது. எந்தத் தனிமம் அதில் எவ்வளவு உடையும் என்பதை மதிப்பிட சாஹா சமன்பாடு வேண்டும். 1980களில் பெல் நிறுவனமும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து திருச்சியில் ஒரு சோதனை மின்நிலையம் அமைத்தன. சுழலும் டர்பைன் இல்லாமல், சூடான வாயுவைக் காந்தப்புலத்தின் ஊடே செலுத்தி மின்சாரம் எடுக்கும் முறை அது. அந்தச் சூட்டில் வாயு தானாக மின்சாரத்தைக் கடத்தாது. எளிதில் எலெக்ட்ரானை விடும் பொட்டாசியம் போன்றதைக் கொஞ்சம் கலப்பார்கள். எவ்வளவு கலக்க வேண்டும் என்று கணக்கிட அடிப்படை இதே சமன்பாடு. அந்த முறை வணிக அளவுக்கு வளரவில்லை என்பது வேறு விஷயம்.

1927இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது என்று பேசியவர்களோடு அவர் எழுத்தில் சண்டை போட்டார். வேதங்களைப் படித்துவிட்டே அந்தச் சண்டைக்கு வந்தார்.

கிராமத்தில் வெள்ளத்தைப் பார்த்து வளர்ந்தவர், நதிகளைப் பற்றி நிறைய எழுதினார். 1943இல் தாமோதர் நதி உடைத்துக்கொண்டபோது விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருந்தார். அணை, பாசனம், மின்சாரம் மூன்றையும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவர வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அந்தத் திட்டத்தை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் எடுத்து நடத்தியவர் அப்போது தொழிலாளர் துறையை வைத்திருந்த அம்பேத்கர். இருவர் பெயரும் ஒரே கோப்பில் சேர்ந்து வரும் இடம் இது. நம்மில் பலருக்கும் இது தெரியாது.

1952 தேர்தலில் சாஹா கல்கத்தாவில் சுயேச்சையாக நின்று மக்களவைக்குப் போனார். நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1956 பிப்ரவரி 16 அன்று டெல்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் சரிந்தார். வயது 62. கல்கத்தாவில் அவர் தொடங்கிய அணு இயற்பியல் நிறுவனம் இப்போது அவர் பெயரில் நடக்கிறது.