விழியினுள் நோக்கிய ஹெல்ம்ஹோல்ட்ஸ்

ஒருவர் கண்ணை மற்றொருவர் எத்துணை நெருங்கி நோக்கினும் நடுவிலுள்ள பாவை கருமையாகவே தோன்றும். அதனுள்ளே விழித்திரையும், அதன்மீது கிளைத்தோடும் குருதி நாளங்களும் உளவென்பதை மருத்துவர் நெடுங்காலம் பெரும்பாலும் இறந்தார் கண்ணை அறுத்தே அறிந்தனர். உயிருள்ளார் கண்ணில் அவற்றைக் காணும் வழியை அவர்கட்கு அளித்த ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பாரின் வரலாற்றைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1821-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் பிரஷ்ய நாட்டுப் பொட்ஸ்டாம் நகரிற் பிறந்தார். தந்தையார் பள்ளியாசிரியர். மைந்தர் விரும்பியது பௌதிகம். வீட்டு வருவாயோ அதற்கு இடங்கொடுக்கவில்லை. பெர்லினில் அரசாங்கச் செலவில் மருத்துவங் கற்பிக்கும் நிலையம் ஒன்றிருந்தது. கற்றோர் பின்னர் எட்டாண்டு படைமருத்துவராய் ஊழியஞ் செய்தல் வேண்டும். அந்நிபந்தனைக்கு உடன்பட்டு 1838-இல் அங்குச் சேர்ந்தார். விரும்பிய பாடம் ஒன்று, கிடைத்த பாடம் மற்றொன்று என்னும் நிலை நம் மாணவருட் பலர்க்கும் புதிதன்று.

படைமருத்துவராயிருந்த காலத்தேயே, 1847-இல், ஆற்றலின் அழிவின்மை பற்றிய நூலை வெளியிட்டார். அவர்தம் பெரும்புகழுக்கு அதுவே அடிப்படை. எனினும் ஈண்டு அதனை விரித்திலேம். 1849-இல் கூனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியற் பேராசிரியரானார்.

மறுவருடம் மாணவர்க்குரிய பாடத்தை ஆயத்தஞ் செய்கையில் அவருள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. கண்ணுட் புகுந்த ஒளி மீண்டு வெளிப்படுதலை அவர் நண்பர் புரூக்கே முன்னரே காட்டியிருந்தார். மீளும் அக்கதிர்கள் எங்குச் சென்று உருவமாகும்? ஆராயுங்கால், அவை வந்த வழியே விளக்கிற்குத் திரும்புகின்றன. காண விழைவோன் அவ்வழியில் தலையை வைப்பின் ஒளியையே மறைத்துவிடுகின்றான். பாவையின் கருமைக்குக் காரணம் இதுவே. ஆகவே கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக நிறுத்தி, அவற்றால் விளக்கொளியைக் கண்ணுட் செலுத்தி, மீளுங் கதிரை அத்தகடுகளினூடே குழிவில்லை வழியாக நோக்கினார். அட்டையும் பசையும் கண்ணாடித் துண்டுகளுமே முதற் கருவி! ஏறத்தாழ எட்டு நாள் முயற்சியின் பின், உயிருள்ள மனிதரின் விழித்திரையும் நாளங்களும் அவர் கண்முன் தோன்றின. பௌதிகம் மட்டும் கற்றிருப்பின் இத்தேவையை உணர்ந்திரார். மருத்துவம் மட்டும் கற்றிருப்பின் வழியைக் கண்டிரார் என்பது எம் துணிபு.

1851-இல் கருவியின் விளக்கம் நூலாக வெளிவந்தது. பெர்லின் கண்மருத்துவர் கிரேஃபே அதனை ஆவலுடன் ஏற்றார்; விழித்திரைத் தமனியில் அடைப்பு நேர்ந்து பார்வை கெட்டதை 1859-இல் அதன் துணையால் விளக்கினார்.

விழியின் முன்புறத்துத் தெளிந்த படலத்தின் வளைவை நுட்பமாக அளத்தற்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு கருவி சமைத்தார். இந்நாளில் லேசர் ஒளியாற் செதுக்கித் திருத்தப்படுவது அப்படலமே. அச்சிகிச்சையில் மேலேட்டை வகிர்வதற்கென விழியை ஒரு வளையத்தால் உறிஞ்சிப் பிடிக்கும் முறையுண்டு. அவ்வேளை, இயல்பில் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவாயுள்ள விழியழுத்தம், சில விநாடிகள் 65-ஐயும் கடத்தல் கூடும். விழித்திரைக்குச் செல்லும் குருதியும் அதுவரை குன்றும். அதுபற்றியே மருத்துவர், முன்னுள்ள படலத்தை அளப்பதோடு அமையாது, பின்னுள்ள திரையையும் நோக்கி ஆராய்கின்றனர்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் பின்னர் பான் நகரிலும் ஹைடல்பெர்க்கிலும் பணியாற்றினார். 1871-இல் பெர்லின் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது, இம்முறை பௌதிகத்திற்கே. அப்போது அவர்க்கு அகவை ஏறத்தாழ ஐம்பது. 1894-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் உயிர் நீத்தார்.